பார்க்கலாம், தொடக்கூடாது

"எல்லாத்தையும் பிடுங்கிடு. அந்தம்மா பார்க்கட்டும், எதையும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் கையுறைகளைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் எறிந்தார்.

கண் மருத்துவமனையின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிற இளைஞன் தலையாட்டினான். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து அதோடு நிறுத்திக்கொண்டான்.

அன்று நடக்க வேண்டிய ஆபரேஷன்கள் அத்தனையும் முதல் நாள் மத்தியானமே கணினியில் ரத்தாகியிருந்தன. வர வேண்டாம் என்று நோயாளிகளின் போனுக்கெல்லாம் தகவலும் போய்விட்டது. காலையில் கத்தியும் கையுமாகக் காத்திருந்த டாக்டருக்கு ஒரு கண்கூட வந்து சேரவில்லை.

ரத்து செய்தது யார் என்று தேடினால், வரவேற்பு மேசையில் உட்காருகிற பெரியக்காவின் பெயர் வந்து நின்றது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பது டாக்டரின் கட்சி. அது சொல்லாமல் விட்ட மீதியைத் தெரிந்தவன் எதிரிலேயே நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மென்பொருளில் யாருடைய அனுமதியைத் திருத்தினாலும், அவர் பெயரிலேயே உள்ளே நுழைந்து, பொத்தான்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். நேற்று பெரியக்காவுக்கு ரத்து செய்யும் அனுமதியைச் சேர்த்துவிட்டு, அவனும் மாடி அறையிலிருந்து அப்படித்தான் அவள் பெயரில் நுழைந்து, மறுநாள் பட்டியலை மொத்தமாக ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினான்.

ஒத்திகை பார்க்க ஒரு பிரதி, நிஜ வேலைக்கு ஒரு பிரதி என்று இரண்டு இருந்தன. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அவன் அழுத்தியது நிஜத்தில் என்று அவனுக்கே இன்று காலை டாக்டர் போட்ட சத்தத்தில்தான் உறைத்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் பெரியக்காவை வரவழைத்து, அவன் கண்ணெதிரிலேயே கிழி கிழி என்று கிழித்தார். அவள் கன்னத்தில் கைவைத்தபடி நின்றாள். கடைசியில், "கைதவறிப் பட்டிருக்கும் சார்" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

செய்யாத தப்பைச் செய்ததாக அவளே நம்பிவிட்டாளே என்று அவனுக்கு நெஞ்சு குத்தியது. திட்டு வாங்கியவள் நிமிர்ந்து வெளியே போனாள். வாங்காதவன்தான் தலை குனிந்து மாடி ஏறினான்.

மென்பொருளோடு வந்த வகைகள் டாக்டர், நர்ஸ், வரவேற்பு என்பவைதான். பார்க்க மட்டும் உரிமையுள்ள ஆள் என்று ஒரு வகை அதில் கிடையாது. அதை அவனேதான் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

ரத்து செய்யலாம், நேரம் மாற்றலாம் என்பவற்றுக்கு எதிரே இருந்த டிக்குகளை எடுத்தான். புதிதாகப் பதியலாம் என்பதையும் எடுத்தான். மத்தியானம் சாப்பிட மறந்தால் போன் போட்டு அதட்டுகிறவள் அந்த மருத்துவமனையில் அவள் ஒருத்திதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதை மவுஸைப் பிடித்தபடி செய்துகொண்டிருந்தான்.

முடித்துச் சேமித்துவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கீழே போனான். இன்னொரு தடவை அவள் பெயரில் நுழைய அவனுக்குத் துணிவில்லை.

மேசைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை, தன் பரிசோதனையை வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். பெரியக்கா வழக்கம்போல விரலை வைத்தாள். திரையில் பொத்தான்கள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன.

"எனக்கு இப்ப அந்த அனுமதி இல்லைங்க. மேலே கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

எப்போதும் நீங்கள்தானே மாற்றித் தருவீர்கள் என்று பெரியவர் வெள்ளந்தியாகக் கேட்டார். அவள் அவருடைய போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவனுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

பெரியவர் நகர்ந்ததும் அவனுக்குத் தாங்கவில்லை. "அக்கா, அது நீங்க பண்ணல. நான்தான் உங்க பேர்ல உள்ளே போய்..."

"மெதுவாப் பேசு" என்றாள் அவள், சுற்றுமுற்றும் பார்த்து.

"இல்லக்கா. இப்பவே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லி? என்னைன்னா திட்டுவாரு, கோபம் ஆறினதும் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுவாரு. உன்னைன்னா நின்ன நிலையில வெளியே அனுப்பிடுவாரு. பிள்ளை பிறக்கப் போற நேரத்துல அது தேவையா?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கைதவறிப் பட்டிருக்கும் என்று டாக்டரிடம் அவள்தானே சொன்னாள்? "அப்போ நான்தான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உன்னை விட்டா என் பேர்ல வேற யாரு உள்ளே போக முடியும்?"

"நீங்களே அழுத்தியிருக்கலாம்னு உங்களுக்குச் சந்தேகம்கூட வரலையா அக்கா?"

பெரியக்கா அடுத்த ஆளை வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டு, அவன் பக்கம் குனிந்தாள்.

"நேத்து அந்த நேரம் நான் பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தேன்ப்பா."