சிவப்பு நூல், பச்சை நூல்

லெட்சுமணன் நல்லையாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது தேயிலை ஸ்டோரின் வாசற்படியில். தலையில் ஒரு மூட்டை, கையில் பற்றுச்சீட்டு. தோட்டத்தை விட்டு அனுப்பப்படுகிறவனுக்குக் கொடுக்கிற சீட்டு அது.

"வர்றேண்ணே. நாளையிலேருந்து யாரு அடுப்புக் கதவத் தட்டுவா?"

குத்தல் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார் லெட்சுமணன்.

"அதுக்கா ஆளில்ல? போய்ச் சேருடா," என்றார், வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே.

எதற்காக அவனை அனுப்புகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சனியன் தொலைந்தது என்றிருந்தது.

மலைநாட்டில் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் அது. கொழுந்தைத் தேயிலையாக்குகிற அந்த ஸ்டோரில் லெட்சுமணனுக்குப் பதம் பார்க்கிற வேலை. உருட்டிய கொழுந்தைத் தரையில் பரப்பி வைப்பார்கள். பச்சை மாறிச் செம்பு நிறம் வரும். வந்த அந்த நிமிஷத்தில் "தூக்கு!" என்று அவர் குரல் கொடுக்க வேண்டும். கொழுந்து சூட்டுக்குப் போகும். முந்தினாலும் பிந்தினாலும் தேயிலை குப்பை.

நல்லையா பக்கத்து அறையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். ஒண்டிக்கட்டை. சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியே கொழுந்தையே பார்த்துக்கொண்டிருப்பான். லெட்சுமணன் வாயைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து, 'ணங்'கென்று அடுப்புக் கதவைத் தட்டுவான். ஒரு நாள் தப்பாது.

இவன் எதற்கு என் கொழுந்தைப் பார்க்கிறான்? தனக்கும் பதம் தெரியும் என்று ஸ்டோரை நடத்துகிற டீமேக்கருக்குக் காட்டுகிறானா?

இப்படி நினைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவனே வந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தச் சுருட்ட விட்டுப் பாருங்களேன். மூணு மாசத்துல கண்ணு தெளிஞ்சிருமாம்."

"என் கண்ணுக்கு என்னடா கேடு?"

"நேத்து தங்கம்மா அக்காவோட பச்சைச் சேலையச் செவப்புன்னீங்களே."

"ஓஹோ! அதப் போய் டீமேக்கர்கிட்ட சொல்லி, என் எடத்துல வந்து நிக்கலாம்னு பாக்குறியா?"

"ஐயோ, அண்ணே!"

"என் வீட்டுல அஞ்சு வயிறுடா. வேலை போனா குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. ஞாபகம் வச்சுக்க."

நல்லையா விறகு தள்ளப் போய்விட்டான். பத்தே நாளில் அவனுக்குச் சீட்டு வந்தது.

உண்மையில், ஒரு வருஷமாகவே லெட்சுமணனுக்குக் கண்ணில் புகை படிந்த மாதிரிதான். பச்சையும் செம்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. மூக்கை வைத்துச் சமாளிக்கிறோம் என்று நினைத்திருந்தார்.

அவன் போன மறுநாள் கொழுந்து பிந்தியது. அடுத்த நாள் முந்தியது.

"லெட்சுமணா, இன்னொரு தடவ இப்படி ஆச்சு, உனக்கும் சீட்டுதான்," என்றார் டீமேக்கர்.

லெட்சுமணனுக்குச் சந்தேகமே இல்லை. போகிற போக்கில் நல்லையா செய்வினை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். கோயில் திருநீற்றைக் கண்ணில் பூசினார். அந்த வாரமே, யட்டவத்தைப் பக்கம் நல்லையா காய்ச்சலில் செத்துப்போனான் என்று செய்தி வந்தது.

வைத்தவன் செத்தும் கண் தெளியவில்லை. வேறு வழியில்லாமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டிஸ்பென்சர் சுந்தரலிங்கம் பத்துக் கம்பளி நூல் துண்டுகளை மேசையில் பரப்பினார். சிவப்பும் பச்சையும்.

"ஒவ்வொண்ணா நிறம் சொல்லு."

லெட்சுமணன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிச் சொன்னார்.

"ஆறு சரி, நாலு தப்பு. குருட்டாம்போக்குல சொல்ற. ஒரு நாளைக்கு எத்தனை சுருட்டு?"

"பத்து இருக்குங்கையா."

"அதான். புகையிலை நஞ்சு கண் நரம்பப் புடிச்சிருக்கு. இப்பவே விட்டா பார்வை திரும்பும். விடலேன்னா என்கிட்ட மருந்து இல்ல." டிஸ்பென்சர் நோயாளிகள் பேர் எழுதுகிற இடாப்பைத் திறந்தார். "இதே கோளாறோட நீ ரெண்டாவது ஆளு. முதல் ஆளு நெருப்புக்கிட்ட நிக்கிறவன். கண்ணு மங்கினவன் அங்க நின்னா ஆபத்துன்னு தோட்டத்துத் துரைக்கு எழுதினேன். சீட்டே குடுத்துட்டாங்க, பாவம்."

"யாருங்கையா அது?"

"நல்லையா."

"நல்லையாவா? அவன் சுருட்டக் கையாலயும் தொட மாட்டானே!"

"நாளைக்குப் பத்துன்னு அவன்தானே சொன்னான்! முதல்ல, 'ஒரு ஆளுக்கு இப்படி இருக்கு, மருந்து உண்டா'ன்னு கேட்டான். யாருன்னு சொல்லு, துரைக்கு எழுதணும்னேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். அப்புறம் 'நான்தான்'னான். இந்த நூலத்தான் காட்டினேன்."

"எத்தனை சரியாச் சொன்னான்?"

"ஒண்ணுகூட இல்ல. செவப்பையெல்லாம் பச்சைன்னான். பச்சையையெல்லாம்..."

டிஸ்பென்சர் பாதியில் நிறுத்தினார். கண் மங்கியவன் குருட்டாம்போக்கில் நாலையாவது சரியாகச் சொல்வான். பத்தையும் ஒன்று விடாமல் தப்பாகச் சொல்ல நல்ல கண் வேண்டும்.

லெட்சுமணன் காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்து மேசையில் வைத்தார். இத்தனை நாள் பதம் சொன்னது அவர் மூக்கு இல்லை, அந்த 'ணங்'தான்.

டிஸ்பென்சர் பேனாவை மையில் தொட்டு எழுதினார்: லெட்சுமணன், மூட்டுவலி, மூன்று மாதம் வேறு வேலை.

அதற்குப் பிறகு லெட்சுமணன் பதினோரு வருஷம் பதம் பார்த்தார். ஒரு கொழுந்து கெடவில்லை.

அந்த வருஷத்து இடாப்பில் கண் கோளாறு என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது: நல்லையா, அடுப்பு வேலை, நாளொன்றுக்குப் பத்துச் சுருட்டு.