எட்டாவது கணு

நர்சரிக்காரன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான்.

திராட்சைக் கொடியைத் தோண்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் எலுமிச்சை வைக்கத்தான் அவனை வரச் சொல்லியிருந்தேன். கன்று வாசலில் தயாராக நின்றது. ஓங்கிக் குத்த வேண்டியவன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தலையை விட்டு எதையோ பார்த்தான். பார்த்தவன் அப்படியே குனிந்து நின்றுவிட்டான்.

"அம்மா, இங்க வந்து பாருங்க."

என் மனைவி ஓடினாள். நானும் போனேன்.

யார் கண்ணிலும் படாமல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரே ஒரு கொம்பு நீளமாக ஓடியிருந்தது. அதில் மிளகு மிளகாகப் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கொத்து.

நாலு வருடம். ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, அவள் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த குச்சி. பந்தல் நிறைய இலை வந்ததே தவிர ஒரு பிஞ்சு வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும், "இந்த ஒரு வருஷம் பாத்துடலாங்க" என்று கெஞ்சுவாள். போன வாரம்தான் நான் கறாராக முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் நான் விடுவதில்லை. "திராட்சை வேணுமா? வாங்க, கடையில வாங்கிட்டு வந்து எங்க பந்தல் நிழல்ல உக்காந்து சாப்பிடலாம்" என்பேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவள் கொத்தைத் தொடவில்லை. கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நர்சரிக்காரன் அந்தக் கொம்பின் கணுக்களை அடியிலிருந்து விரலால் எண்ணினான். என்னிடம் படித்த காலத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாகச் சொன்னதில்லை. கடைசி பெஞ்சு. இப்போது காதோரம் நரைத்திருக்கிறது. எட்டாவது கணுவில் விரல் நின்றது. அங்கிருந்து கிளம்பிய தளிரில்தான் கொத்து இருந்தது.

பிறகு பந்தலின் மற்ற கொம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாமே இரண்டாவது கணுவோடு ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன.

"இந்த ரகத்துக்கு அடிக்கணுவுல பூ வராது. எட்டு, பத்து கணு விட்டுத்தான் கவாத்து பண்ணணும். வருஷாவருஷம் பூ வர்ற இடத்தையே வெட்டி எறிஞ்சிருக்காங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "யாரு சார் வெட்டினது?"

"நான்தாம்ப்பா" என்றாள் என் மனைவி. "எனக்கு என்ன தெரியும்? கைக்கு வந்தபடி வெட்டிட்டேன்."

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

திறந்தேன்.

"நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன். சொன்னா எங்க கேக்குறா?"

முப்பத்தொரு வருடம் கணக்கு வகுப்பில் பேசிய அதே குரல். ஒரு பிசிறு இல்லை.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை.

அவன் அவளை உட்காரவைக்காத குறையாகப் பாடம் நடத்தினான். கொம்பு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று. நடுவில் இரண்டு தடவை, "இப்படியாம்மா பண்ணுவீங்க?" என்று கடிந்துகொண்டான். அவள், "சரிப்பா, தப்புதாம்ப்பா" என்று கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, பரீட்சை அதிகாரி மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன்.

மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் தலை தன்பாட்டுக்கு ஆடியது.

"இந்தக் கொத்துக்கு மேல ஏழெட்டு இலையை விட்டுட்டு நுனியை வெட்டி விடுங்க. சத்து கொத்துக்குப் போகும்" என்று சொல்லி, எங்கள் வீட்டுக் கவாத்துக் கத்தரியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். அழுத்தினாள். திறக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்து இழுத்தாள். அலகு இரண்டும் ஒட்டியபடியே இருந்தன.

"துருப் பிடிச்சிருக்கு போல" என்று சிரிக்கப் பார்த்தாள்.

கத்தரி எண்ணெய்ப் பளபளப்போடு மின்னியது.

அவள் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் என் கை நீண்டது. அவ்வளவுதான் நடந்தது. யோசிக்கவே இல்லை. கத்தரியை வாங்கினேன். கைப்பிடியின் கடைசியில் உள்ளே மடங்கிக் கிடந்த சின்னக் கொக்கியை, குனிந்துகூடப் பார்க்காமல், கட்டைவிரல் தள்ளிவிட்டது. டக்கென்று கத்தரி விரிந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு வருடமாக அந்தக் கத்தரியை அவளைத் தொடவிட்டதில்லை நான். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளு' என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு கொம்பாக நானேதான் நறுக்கினேன்.

நர்சரிக்காரன் என் கையிலிருந்த கத்தரியை மெதுவாக எடுத்தான். கைப்பிடி அவள் பக்கம் வரும்படி திருப்பிக் கொடுத்தான்.

"இனிமே நெஜமாவே நீங்களே வெட்டுங்கம்மா."