கிளிமீன் கடிக்கும் சத்தம்

சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பானு, இயர்போனின் செத்த பக்கத்தைத் தங்கையின் காதில் செருகினாள்.

வேண்டுமென்றேதான். அந்தப் பக்கம் கேட்காமல் போய் ரொம்ப நாளாகிறது. நல்ல பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

ஒண்ணும் கேக்கலியேக்கா என்று கவியா சிணுங்கட்டும். ஒரு தடவையாவது அவளுக்கு ஏதாவது கிடைக்காமல் போகட்டும்.

மற்றதெல்லாம்தான் கிடைத்துவிட்டதே. பானு ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு போட் ஹவுஸுக்கு வழி சொல்கிறாள். கவியா அந்தமானில் படகிலேயே குடியிருக்கிறாள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதில்தான். விடிந்தால் முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, வந்திருக்கும் ஆட்களைக் கடலுக்கடியில் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப் போவாள். இதற்குச் சம்பளம் வேறு.

இத்தனைக்கும் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே பானுதான். எஸ்டேட் தண்ணீர்த் தொட்டியில், திட்டு வாங்கிக்கொண்டு.

அப்பாவின் மளிகைக் கடைக்குச் சீரகம் வாங்க வந்தவர்கள்கூட கவியா எடுத்த வீடியோவைப் பார்க்காமல் திரும்ப முடியாது. மூத்த மகள் ஒருத்தி இருப்பதே அப்போதெல்லாம் அவருக்கு மறந்துவிடும்.

இன்றோடு கவியாவின் லீவு முடிகிறது. ரயிலேற்றிவிட பானு கூடப் போகிறாள். பெட்டியைத் தூக்கியதும் பானுதான்.

கவியா ஃபோனில் வீடியோவை ஓடவிட்டாள்.

நீலமும் பச்சையுமாக ஒரு மீன், கிளி மூக்கு மாதிரி வாய். பவளப்பாறையைக் கடித்துக் கடித்துத் தின்றது. யாரோ பக்கத்தில் முறுக்கு தின்பதுபோல நறுக் நறுக்கென்று பானுவின் காதில் விழுந்தது. அப்புறம் ஒரு ஆமை நிதானமாக வந்து, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

ஒரு தடவையாவது வாக்கா என்று கூப்பிட்டிருப்பாளா? பானுவுக்கு வயிறு எரிந்தது.

"கேக்குதாக்கா? பாறையத் திங்கற சத்தம். எனக்கு நொம்ப நல்லாக் கேக்குது."

சொல்லிவிட்டுக் கவியா தலையாட்டிச் சிரித்தாள்.

பானு திடுக்கிட்டாள். வயரைத் திருகிப் பார்த்தாள். பிறகு தங்கையின் காதிலிருந்ததை வெடுக்கென்று பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. செத்துத்தான் கிடந்தது.

பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி இறங்கியது. பானுவுக்குக் காது அடைத்தது. சின்ன வயதிலிருந்தே இந்த இறக்கத்தில் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்வார்கள். இன்றைக்குக் கவியா ஒரு தடவைகூட ஊதவில்லை. கடலடிக்கே போய் வருகிறவளுக்கு இந்த மலையெல்லாம் ஒரு பொருட்டா என்று சற்று முன்புதான் பானு மனசுக்குள் பொருமியிருந்தாள்.

பானுவின் கையிலிருந்த இயர்போனைக் கவியா பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"சளியோட தண்ணிக்குள்ள எறங்கிட்டேன்க்கா. இந்தக் காது உள்ள கிழிஞ்சிருச்சு, ஒண்ணுமே கேக்கறதில்ல. இனி எறங்குனா இன்னொரு காதும் போயிரும்னு டாக்டர் சொல்றாரு. படகுல யாருக்கும் தெரியாது. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதக்கா, உன்னக் கும்புட்டுக்கறேன்."

கவியா தன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதாக பானுவுக்கு ஞாபகமில்லை. கேட்கக் கேட்க இனித்தது. இனித்ததே என்று பயமாகவும் இருந்தது.

பானுவின் ஃபோன் அடித்தது. அப்பா.

சொல்லாவிட்டால் தங்கைக்கு இருக்கிற காதும் போகும். சொன்னால் அவளுக்குக் கடல் இல்லை. மளிகைக் கடையில் உட்கார்ந்து சீரகம் பொட்டலம் கட்டுவாள். ஆமை வீடியோவை அப்பா யாருக்கும் காட்டமாட்டார்.

அக்காவாக இருப்பவள் என்ன செய்ய வேண்டும் என்பதில் பானுவுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை நாள் அவள் ஆசைப்பட்டதும் அதுவாகவே இருந்ததுதான் சங்கடம்.

கவியா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் ஏறிட்டமுங்கப்பா," என்றாள் பானு. "ஆனா அடிவாரத்துல எறங்கித் திரும்பி வர்றமுங்க. ரெண்டு பேருமேதானுங்க. ஊட்டுக்கு வந்து சொல்றனுங்க."

பிடி விட்டுப்போனது. கவியா அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

அந்த முகத்தில் சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று பானு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.