நீக்கியவர் பெயர்

மேட்டுப்பாளையத்திலுள்ள ஒரு கம்பெனியில், நெட்வொர்க்கில் நுழைபவர்களைச் சரிபார்க்கும் மென்பொருளுக்கு ஏழு சோதனைக் கணினிகள் இருந்தன. அங்கு வேலை பார்க்கும் துர்கா அவற்றை ஒரே கணினியாகச் சுருக்கினாள். அதற்கு வெளித்தொடர்பே கிடையாது. தன் பெயரையும் மேனேஜர் விஜயராகவன் பெயரையும் விட்டு, மற்ற பயனர்களை அழித்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இளம்பரிதி அந்தக் கணினிக்குள் நுழைந்ததாகப் பதிவாகியிருந்தது. அவள் அழித்த பெயர்களில் ஒன்று அது. விடுமுறை நாளில் வேலைக்கு வரும் வழியில், தவளக்குப்பத்தில் லாரி மோதி இறந்துபோன சக ஊழியன் அவன்.

"செத்தவன் பேர வச்சி வெளையாடுறியா?" என்று கத்தினார் விஜயராகவன்.

"லீவுல இருந்தவன வரச்சொன்னது நீங்க சார். என்கிட்ட கத்தாதீங்க," என்றாள் துர்கா.

அவளை எழுப்பிவிட்டு, அவரே உட்கார்ந்து தன் பாஸ்வேர்டை அடித்தார். கணினி ஏற்கவில்லை. மேசையைக் குத்திவிட்டு மறுபடி அடித்தார்.

திரையில் ஒரு வரி வந்தது: "பயனர் விஜயராகவன் நீக்கப்பட்டார். நீக்கியவர் இளம்பரிதி."