பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது

“இருக்கதுலயே சத்தம் கம்மியான மிஷின் எது வே?”

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜன் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் ஓட்டை போடுகிற மிஷினுக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள், வாரண்டி கேட்பார்கள். சத்தம் எவ்வளவு என்று கேட்டு வந்த முதல் ஆள் செல்வதாஸ்தான்.

“எதுல ஓட்ட போடணும்?”

“ஜன்னலுக்கு மேல. கர்ட்டன் கம்பி மாட்டணும். ஞாயித்துக்கிழம எனக்க மவ லிஜாவ பாக்க மாப்பிள வீட்டுக்காரங்க வாறாங்க. ஜன்னலு எல்லாம் மொட்டையா கெடக்குணு எனக்க பெண்டாட்டி பூங்கனி ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கா.”

“ஜன்னலுக்கு மேலண்ணா காங்கிரீட்டுல்லா! எலக்ட்ரீஷியன விளிச்சா அர மணிக்கூருல முடிச்சுட்டுப் போவான்.”

“அவன் அவனுக்குத் தோணுன நேரத்துக்கு வந்து போடுவான். எனக்கு என் நேரத்துக்குப் போடணும். நீரு மிஷின காட்டும்.”

வைகுண்டராஜன் ஒரு சாதாரண ஹேமர் டிரில்லை எடுத்து, வாசலில் கிடந்த காங்கிரீட் கட்டையில் வைத்து அழுத்தினார். எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

“வெல கம்மி. செங்கல் சுவருக்கு நல்ல சாதனம். காங்கிரீட்டுண்ணா கொஞ்சம் மல்லுக்கட்டணும்.”

“எம்மா! ஊரக் கூட்டிரும் போலயே. வேண்டாம்.”

“அப்ப இது. ரோட்டரி ஹேமர். உள்ளுக்குள்ளயே சுத்தியல் அடிக்கும், நாம போட்டு அமுக்காண்டாம். சத்தம் உண்டு, ஆனா கீச்சுணு கெடந்து கத்தாது, வேலயும் சட்டுணு முடியும். வீட்டு வேலைக்கு இந்தச் சின்ன சைசு போரும். ஆனா வெல கொஞ்சம் கூடுதல்.”

செல்வதாஸ் மரச்சீனிக் கிழங்கு வாங்கினால்கூட ஒட்டியிருக்கிற மண்ணைத் தட்டிவிட்டு நிறுக்கச் சொல்கிற மனுஷன். கூடுதல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பழையபடி முதல் மிஷினுக்கே ஓடிவிடுவார் என்றுதான் வைகுண்டராஜன் நினைத்தார்.

“நீரு ஓட்டும். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்ணு கேக்கேன்” என்றார் செல்வதாஸ்.

போயும் விட்டார். டீக்கடைச் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று, காதுக்குக் கையை அண்டக் கொடுத்தார். மிஷின் ஓடியது. அந்நேரம் பார்த்து மார்த்தாண்டம் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

“சவம், பஸ்சு கெடுத்திற்று! இன்னொரு தடவ ஓட்டும்!”

மூன்று தடவை ஓட்டிய பிறகு திரும்பி வந்தார்.

“இடையில ஒரு மதிலு நிண்ணா அங்கோட்டு எவ்வளவு வே கேக்கும்?”

“மதிலுக்கு அங்கோட்டா?”

“பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது. அதுதான் எனக்கு முக்கியம்.”

‘அப்படிப் போடு’ என்று வைகுண்டராஜன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். செல்வதாசுக்குப் பக்கத்து வீடு அல்போன்ஸ். ரெண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில் யார் பக்கம் ஒரு சாண் தள்ளி நிற்கிறது என்பதில் தகராறு முற்றி, வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. கல்யாணப் பத்திரிகைகூடப் போவதில்லை.

அந்த மிஷினையே செல்வதாஸ் வாங்கினார். மிஷின் முனையில் மாட்டுகிற ரெண்டு பிட்டை சும்மா தந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்து அதையும் வாங்கினார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், வைகுண்டராஜன் போனை எடுத்துவிட்டார். நல்ல காரியத்துக்கு நாள் பார்க்கலாம், கோள் சொல்ல என்னத்துக்கு?

“அல்போன்சு, சூதானமா இரு. ஒனக்குத் தெரியாம செல்வதாசு ஒனக்க மதில தொளைக்கப் போறான். சத்தமில்லாத மிஷினா தேடிப் பிடிச்சு வாங்கிற்றுப் போறான்.”

“என் மதிலயா? அவனுக்க ரெண்டு கையையும் ஒடிக்கேன் பாரு!”

சனிக்கிழமை காலையிலிருந்து அல்போன்ஸ் மதிலோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. மற்றக் காதையும் ஒட்டிப் பார்த்தார். ஒண்ணுமே கேட்கவில்லை என்றால், அடப்பாவி, அம்புட்டு நல்ல மிஷினா!

மத்தியானம் வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. செல்வதாசின் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே சாடினார்.

“ஓய் செல்வதாசு! எங்க ஓய் ஓட்ட போட்டீரு? காட்டும்!”

செல்வதாஸ் நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிஷின் மடியில் இருந்தது. கர்ட்டன் கம்பிகள் தரையில் கிடந்தன. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

“நல்லா கேளுங்கண்ணே!” சண்டை ஞாபகமெல்லாம் பூங்கனிக்கு அப்போது இல்லை. “காலத்தேருந்து இப்படியேதான் இருக்காரு. மிஷின எடுக்காரு, ஜன்னல்கிட்ட போயி நிக்காரு, திரும்ப வந்து இருக்காரு. ஏன்னு கேட்டா மிண்ட மாட்டேங்காரு. விடிஞ்சா ஆளுவ வருவாங்க, ஜன்னலு இன்னும் மொட்டையா கெடக்கு.”

அல்போன்ஸ் வெற்றியோடு இடுப்பில் கையை வைத்தார்.

“எப்படிப் போடுவாரு? நான்தான் மதில்கிட்ட காவலு நிக்கேனே! எனக்க மதிலு மேல கைய வச்சிருவீரா? வச்சிருவீரா ஓய்?”

குரல் தெருமுனை வரை போயிருக்கும். செல்வதாஸ் பதறி எழுந்து ஓடி வந்து, அவர் வாயைப் பொத்தினார்.

“பைய பேசும் ஓய்! ஒமக்க மவளுக்க பச்சப்பிள்ள ராத்திரி பூரா அழுதுட்டு காலத்ததான் ஒறங்கிச்சு. அது முழிக்கட்டும்ணுதான் நான் காலத்தேருந்து இந்த மிஷின வச்சுக்கிட்டு காத்துக் கெடக்கேன்!”