ஏரியின் மேல் ஒரு பாலம்

மாநிலத்தின் முப்பதாண்டுப் போக்குவரத்துத் திட்டத்துக்காக வரைபடத்தை அறுநூறு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறோம். எங்கிருந்து எங்கே எத்தனை பேர் போவார்கள் என்று கணினி வருஷவாரியாகச் சொல்லிவிடும்.

மண்டலம் 412 வெறும் ஏரி. மக்கள்தொகை பூஜ்யம். ஆனால் அங்கிருந்து ஒரே ஒருவர் கிளம்புவதாகக் கணினி காட்டியது. பத்தாவது வருஷம் அவர் கரையேறுகிறார். இருபதாவது வருஷம் நெடுஞ்சாலைக்கு வருகிறார். முப்பதாவது வருஷம் மண்டலம் 87-க்கு வந்து நின்றுவிடுகிறார். எங்கள் வீடு அதில்தான் இருக்கிறது.

"தண்ணிக்குள்ளேர்ந்து யாரும்மா வரப்போறாங்க? அழிச்சு விடுங்க," என்றார் மேலதிகாரி.

"மூணு தடவை அழிச்சுட்டேன் சார். திரும்பத் திரும்ப வருது."

என் வீட்டுக்காரர் அந்த ஏரியில் ஆழம் அளக்கப் படகில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. படகு மட்டும்தான் கரை ஒதுங்கியது. தெருமுனைக் கடைக்குப் போனாலே ஆடி அசைந்து வருகிற மனிதர். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் முப்பது வருஷம் கழித்து எனக்கு எண்பத்திரண்டு வயது. கதவைத் திறக்க நான் இருக்க வேண்டுமே.

நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஏரியின் மேல் ஒரு பாலம் வரைந்து கணக்கை மறுபடி ஓட்டினேன். நாலாவது வருஷமே வந்துவிடுகிறார்.

பாலத்தைத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். படிவத்தில் 'பயன்பெறுவோர் எத்தனை பேர்' என்ற கட்டத்தில், இரண்டு என்று எழுதினேன்.