அறுபது வாட்ஸ் பாட்டு

“மாமா, நீங்க ஏன் சும்மா வாய மட்டும் அசைக்கிறீங்க?” என்று ஒரு சின்னப் பிள்ளை என்னிடம் கேட்டது.

இரண்டு வருடமாக மட்டக்களப்பு வாவிக்கரையில் மாலைதோறும் கிற்றார் வாசித்துப் பாடுகிறேன். பத்துப் பேராவது முன்னால் நிற்பார்கள். என் குரலைக் காற்று கொண்டுபோவது அன்றுதான் தெரிந்தது.

காத்தான்குடியில் ஹலீம் நானாவின் கடைக்குப் போனேன். பற்றரியில் இயங்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் காட்டினார்.

“இந்தச் சின்னது காணும் தம்பி. எட்டு மணித்தியாலம் சார்ஜ் நிக்கும்.”

“அந்த அறுபது வாட்ஸ் பெட்டியத் தாங்க நானா. என்ட ரசிகர்கள் பாவம், கஷ்டப்பட்டுக் கேக்கிறாங்க.”

அடுத்த நாள் கரை அதிரப் பாடினேன். ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. நல்ல இசையைத் தாங்க இவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று இரங்கினேன்.

மூன்றாம் நாள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கான வாங்கு கேட்டதும் வழக்கம்போல் பாட்டை நிறுத்தினேன். வாங்கு முடிந்த அமைதியில், சற்றுத் தள்ளிக் கச்சான் கடலை வறுக்கும் புஸ்பம் அக்கா ஒரு குடும்பத்திடம் பேசுவது கேட்டது.

“சுடச்சுட வறுத்துத் தாறன், பத்து நிமிஷம் செல்லும். அதுக்குள்ள அந்தத் தம்பிட பாட்டக் கேட்டுட்டு வாங்க. வாற ஆக்களையெல்லாம் நான்தான் அனுப்புறனான். ரெண்டு நாளா இந்தச் சத்தத்துக்குள்ள நான் சொல்றது ஒருத்தருக்கும் கேக்கல்ல. பாவம், தனியப் பாடுறான்.”

அக்கா அடுப்புப் பக்கம் குனிந்தார். அந்தக் குடும்பம் வந்து சேர்வதற்குள், ஒருவரும் பாராமல் சத்தத்தைக் குறைத்து, பெட்டியின் முகத்தை வாவிப் பக்கம் திருப்பி வைத்தேன்.